ஜேனியின் தலைத்துணி

அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாச்சிங் காட்’ நாவலைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் முதலில் பேரிக்காய் மரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடட்டும், தப்பில்லை. பதினாறு வயது ஜேனி பூத்துக் கிடக்கும் அந்த மரத்தடியில் படுத்து, பூவுக்குள் தேனீ இறங்குவதைப் பார்த்து, கல்யாணம் என்றால் இதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொள்கிறாள். ஆனால் மரம் அவளுடைய ஆசையை மட்டும்தான் சொல்கிறது. அந்த ஆசை என்ன பாடுபட்டது என்று தெரிய வேண்டுமா, அவள் மேல் என்ன துணி இருக்கிறது என்று பாருங்கள்.

பாட்டி நானி அடிமையாகப் பிறந்தவள். எஜமானனுக்குப் பிள்ளை பெற்றவள், பெற்ற மகளும் ஒரு பள்ளி ஆசிரியனால் சீரழிக்கப்பட்டதைப் பார்த்தவள். இந்த உலகத்தின் சுமையெல்லாம் சுமக்கிற கோவேறு கழுதை கறுப்புப் பெண்தான் என்று பேத்தியிடம் சொல்கிறாள். அந்தப் பயத்தில்தான் அறுபது ஏக்கர் வைத்திருக்கும் லோகனுக்கு அவளைக் கட்டி வைக்கிறாள். அந்தக் கிழவியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நடப்பது என்ன? ஜேனியும் ஏர் ஓட்டட்டும் என்று லோகன் இரண்டாவதாக ஒரு கோவேறு கழுதை வாங்கப் போகிறான். பாட்டி எதற்குப் பயந்தாளோ அது நிஜமாகவே கொட்டகைக்கு வருகிறது. ஜேனி ஒருநாள் காலையில் கிளம்பி, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து வழியோரப் புதரில் வீசிவிட்டு, புதிதாகப் பழகிய ஜோ ஸ்டார்க்ஸோடு போய்விடுகிறாள்.

அவர்கள் போய்ச் சேரும் ஈட்டன்வில் கற்பனை ஊர் இல்லை. ஃபுளோரிடாவில் 1887இல் கறுப்பின மக்கள் தாங்களே ஆளுகிற நகரமாக உருவானது, ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். நாவலில் ஜோ அங்கே மேயர் ஆகிறான், கடை போடுகிறான். கடையில் ஒருவன் ஜேனியின் பின்னால் நின்றுகொண்டு அவள் பின்னலின் நுனியைப் புறங்கையால் தடவுவதை ஒரு ராத்திரி ஜோ பார்த்துவிடுகிறான், அன்றைக்கே அவளுக்கு உத்தரவு: கடையில் தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்று மட்டும் கடைசிவரை சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை நாவலின் மிகக் கூர்மையான இடம் இதுதான். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, வெள்ளைக்காரன் ஒருத்தன்கூட இல்லாத ஊரில், மேயர் மனைவியின் தலைமுடிக்கு ஒரு முதலாளி! 1937இல் நாவல் வெளியானபோது, இதில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்று இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட் எழுதினார். இந்தத் துணி அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

ஜோ செத்ததும் அவள் கண்ணாடி முன் நின்று துணியை உருவி முடியை அவிழ்த்துப் பார்க்கிறாள், அப்புறம் திரும்பக் கட்டிக்கொண்டுதான் ஊரைக் கூப்பிடுகிறாள். சவ அடக்கத்துக்கு விலை உயர்ந்த கறுப்பு உடை, முகத்திரை, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட முகம். அன்று ராத்திரி இருந்த தலைத்துணி அத்தனையையும் எரித்துவிடுகிறாள்.

அப்புறம் டீ கேக். அவளைவிட வயதில் சின்னவன், செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டம் ஆடக் கற்றுக்கொடுக்கிறவன். ஃபுளோரிடாவின் சதுப்புநிலமான எவர்கிளேட்ஸில் அவனோடு அவள், வேலைக்குப் போடுகிற ஓவரால் போட்டுக்கொண்டு, அவரைக்காய் பறிக்கிறாள். இந்தக் காதலைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: அவனும் அவளை அடிக்கிறான், தன் உடைமை என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக. அப்போது ஜேனி என்ன நினைத்தாள் என்று ஹர்ஸ்டன் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புயல் வருகிறது, டீ கேக்கை வெறிநாய் கடிக்கிறது, நோய் முற்றித் துப்பாக்கியைத் தூக்கியவனை அவளே சுட வேண்டியதாகிறது. ஓவராலோடு ஊர் திரும்புகிறவளைப் பார்த்து, போகும்போது போட்டிருந்த நீல சாட்டின் கவுன் எங்கே என்று வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நக்கலடிப்பதில்தான் நாவலே ஆரம்பிக்கிறது. டீ கேக்கின் அடக்கத்துக்கும் அவள் அதே ஓவராலில்தான் போனாள், துக்கப்படவே நேரம் சரியாக இருந்தது, துக்கத்துக்கு உடுத்த நேரமில்லை என்கிறார் ஹர்ஸ்டன். அது வராந்தாக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவுனைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள்.