ஏரி இடது கைப் பக்கம்: தியவன்னாவைச் சுற்றி ஒரு காலைச் சவாரி

வணக்கம் உறவுகளே. நேரம் காலை ஐந்து பத்து. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வாசலில் சைக்கிளோடு நிற்கிறேன். இருட்டு இன்னும் விலகவில்லை. காலி வீதியில் இந்த நேரத்துக்கு மீன் லொறிகளும் ஒன்றிரண்டு பஸ்களும்தான் ஓடும். கொழும்பில் சைக்கிள் ஓட எங்கே இடம் இருக்கிறது என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறீர்கள். இன்றைக்கு அந்த இடத்துக்குத்தான் போகிறோம்: தியவன்னா ஏரி.

புறப்பட முதல் இதைப் பாருங்கள். பெருவிரலால் டயரை நடுவில் அழுத்துகிறேன், கொஞ்சமும் உள்ளே போகவில்லை. என்னுடையது இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர், எண்பது பிஎஸ்ஐ காற்று. மழை பெய்த வீதி என்றால் பத்துக் குறைப்பேன், அப்போதுதான் பிடிப்பு இருக்கும். முன்னுக்கு வெள்ளை லைட், பின்னுக்குச் சிவப்பு, இரண்டும் எரிகின்றன. சரி, ஏறுவோம்.

டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, பிறகு ஹைலெவல் வீதி. இந்தப் பகுதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரமாக ஓடி முடித்துவிட வேண்டிய தூரம். ஹைலெவல் வீதியில் மட்டும் பஸ்ஸைப் பாருங்கள். தரிப்பிடம் வந்ததும் உங்களை முந்திக்கொண்டு இடது பக்கம் வெட்டி நிற்கும். பின்னால் ஹோர்ன் கேட்டால் போட்டி போடாமல் வேகத்தைக் குறைத்து, அது நின்ற பிறகு பின்னாலேயே பொறுத்திருங்கள். நுகேகொடையில் ஹைலெவல் வீதியை விட்டுப் பிரிந்தால் கொஞ்ச நேரத்தில் பிட்டகோட்டேச் சந்தி.

இப்போது கொஞ்சம் நிற்கிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். ஏரியை எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம் வைத்துச் சுற்றுங்கள். நாங்கள் வீதியின் இடது பக்கம் ஓடுகிறவர்கள். ஏரியும் இடது பக்கம் இருந்தால் பிட்டகோட்டே, கிம்புலாவல, பொல்துவ, இராஜகிரிய என்று நான்கு பெரிய சந்தியிலும் இடது பக்கம் திரும்பினாலே போதும். எதிரே வரும் வாகனத்துக்குக் குறுக்கே ஓரிடத்திலும் போக வேண்டியதில்லை. அதே சுற்றை மறுபக்கமாக ஓடினால் நான்கு சந்தியிலும் வீதியின் நடுவுக்கு வந்து, கையைக் காட்டிக்கொண்டு, லொறிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் காத்து நிற்க வேண்டும். நான் முதல் மாதம் அப்படித்தான் ஓடினேன். யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பயம் சந்தியில்தான் வரும், அந்தப் பயத்தை இப்படிப் பாதியாகக் குறைக்கலாம்.

ஒரு முழுச் சுற்று என் மீட்டரில் பதினொரு கிலோமீட்டருக்குப் பக்கம் காட்டும். சில இடங்களில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, வீடுகளும் கடைகளும் மறைத்துவிடும். கிம்புலாவலயில் திரும்பிய பிறகுதான் ஏரி திறந்து வரும். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. பெயர் சும்மா வரவில்லை, இந்தத் தண்ணீரில் முதலை இன்றைக்கும் இருக்கிறது. கை கால் கழுவ என்று கரையில் இறங்கிவிடாதீர்கள்.

இப்போது நாடாளுமன்ற வீதி. அகலமான, சமமான வீதி, இந்தச் சுற்றிலேயே கியரைக் கூட்டி ஓடக்கூடிய ஒரே இடம். கேமராவை நிறுத்தப்போகிறேன். பாதுகாப்பு வலயம், படம் எடுக்க வேண்டாம். சபை கூடும் நாட்களில் பொலிஸும் வாகனமும் கூடும், சனி ஞாயிறுதான் எங்களுக்குத் தோதான நாள்.

சரி, மறுபடி வந்துவிட்டேன். பொல்துவப் பக்கம், தியத உயனவுக்கு அருகில் நிற்கிறேன். தூரத்தில் செப்புக் கூரை தெரிகிறதா? அதுதான் நாடாளுமன்றம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1982 ஏப்ரலில் திறந்தார்கள். அதைச் சுற்றி நாம் பார்க்கிற இந்த ஏரி, அதற்காகவே சதுப்பு நிலத்தைத் தோண்டி விரித்தது. ஆனால் சதுப்பு தன் குணத்தை விடாது. 2010 நவம்பரில் ஒரே இரவு பெய்த மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மழைத் தண்ணீர் களனி ஆற்றுக்குப் போய்ச்சேரும் வரை தேங்கி நிற்க இந்தச் சதுப்புகளை விட்டால் நகரத்துக்கு வேறு இடமில்லை. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் கொழும்பை ஈரநில நகரம் என்று அங்கீகரித்தார்கள். ஓரமெல்லாம் மண் போட்டு நிரப்பி வீடு எழும்புவதைச் சைக்கிளில் போகும்போது கிட்டத்தில் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதோ, ஓர் அம்மா பெரிய பானையில் இலைக்கஞ்சி விற்கிறார். வல்லாரை போட்டுக் காய்ச்சியது, கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கஞ்சியைச் சூட்டோடு குடிக்க வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு இதைவிட நல்ல காலைச் சாப்பாடு இல்லை என்பேன், வயிற்றைக் கனக்க விடாது.

பாருங்கள், பாருங்கள்! கபரகொய்யா, தண்ணீரில் வாழும் பெரிய உடும்பு. என் உயரம் இருக்கும். அவசரமே இல்லாமல் நாக்கை நீட்டி நீட்டி நடைபாதையைக் கடக்கிறது. தோலில் மஞ்சள் புள்ளி எல்லாம் தெரிகிறது. காலையில் வெயில் காய வீதிக்கு வரும். வளைவில் வேகமாக வந்து இதன் மேல் ஏற்றினால் அதுவும் போய்விடும், நீங்களும் விழுவீர்கள். மணி அடித்தால் விலகாது. நிறுத்தி வழி விடுங்கள்.

பொல்துவயில் இடது, பாலம் தாண்டினால் இராஜகிரிய. மேம்பாலத்தில் ஏறாமல் கீழே இடது ஒழுங்கிலேயே இருங்கள். அங்கே திரும்பினால் எத்துல்கோட்டே, அதற்கு அடுத்தது பிட்டகோட்டே. எத்துல் என்றால் உள்ளே, பிட்ட என்றால் வெளியே. கோட்டே எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது எங்கள் கோட்டைதான். 14ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசின் அமைச்சர் அளகேஸ்வரர் இதைக் கட்டியது யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைத் தடுக்க. இந்தச் சதுப்பே அதற்கு இயற்கை அகழி. யாழ்ப்பாணத்து அம்மாவுக்குப் பிறந்த நான் இன்றைக்கு அந்த மதிலடியால் பெடல் மிதித்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும் இந்த நினைப்பு வரும்.

இந்த வீதியில்தான் நான் விழுந்தேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்து, பழைய ரோட் சைக்கிள் ஒன்றை வாங்கி மூன்றாவது கிழமை. தூறல். வீதியோரத்தில் வடிகால் மூடி, அதன் கம்பிகள் வீதி போகிற திசையிலேயே நீளமாக இருந்தன. முன் சக்கரம் கம்பிக்கு நடுவே இறங்கி அப்படியே பூட்டிக்கொண்டது. நான் ஹேண்டிலுக்கு மேலால் போய்க் கையை ஊன்றினேன், முழங்கை வரை தோல் போய்விட்டது. எதிர்த் தேத்தண்ணிக் கடை ஐயா “மல்லி, மல்லி” (சிங்களத்தில் தம்பி) என்று ஓடி வந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினார், பிளேன்டீ தந்தார், காசு வாங்கவில்லை. மெல்லிய டயர் வைத்திருப்பவர்கள் ஓரத்திலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே தள்ளி ஓடுங்கள். மூடியின் கம்பி குறுக்கே இருந்தால் பிரச்சினை இல்லை, நெடுக்கே இருந்தால் ஆபத்து. இருபது அடிக்கு முன்னாலேயே கண் அதைப் பிடிக்க வேண்டும். கடை ஐயா இப்போதும் இருக்கிறார், போகும்போது கையைக் காட்டுவேன்.

பிட்டகோட்டேக்குள் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடக்க நல்ல இடம், இன்றைக்கு நேரமில்லை. பேரை வாவியையும் சிலர் கேட்டீர்கள். அழகு, ஆனால் வாகனம் கூட, சுற்றும் சின்னது. அங்கே நடந்து போங்கள். பொல்கொடை பெரிய ஏரி, கரையோடு ஒட்டி ஓட வீதி கிடையாது.

தூரம் போதாது என்பவர்கள் தலங்கம குளத்துக்குப் போங்கள். பொல்துவயிலிருந்து பத்தரமுல்லை, கொஸ்வத்தை, அக்குரேகொட வழியாக நாலைந்து கிலோமீட்டர். இதற்குப் பொல்துவயில் வலது பக்கம் திரும்ப வேண்டி வரும். நான் இறங்கி பாதசாரிக் கடவையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கடப்பேன். இரண்டாவது சுற்றில் அப்படித்தான் வந்து சேர்ந்தேன், இப்போது குளக்கட்டில் நிற்கிறேன். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தாமரை இலை மூடிய தண்ணீர். 2007இல் இதைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். மேலே மரத்தில் ஊதாமுக மந்தி, இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம்.

அந்த இலை மேல் பாருங்கள், வால் நீண்ட இலைக்கோழி. விரல்கள் எவ்வளவு நீளம் என்றால், இலை அமிழாமல் நடக்கிறது. இந்தப் பறவையில் முட்டையை அடைகாப்பது ஆண். கொஞ்சம் பேசாமல் இருப்போம்.

பறந்துவிட்டது. சரி, வெயில் ஏறுகிறது, எட்டு மணிக்குள் வெள்ளவத்தை போய்ச்சேர வேண்டும். அடுத்த ஞாயிறு, மழை இல்லையென்றால், ஐந்தரைக்குப் பாமன்கடைச் சந்தியில் நிற்பேன். இரண்டு லைட்டும் உள்ள யாரும் வரலாம். சைக்கிள் பழையதா புதியதா என்று கேட்க மாட்டேன்.