பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: 140 கிரெடிட், ஆறு செமஸ்டர், எங்கே சிக்கும்?

[திரை: ஆறு கட்டங்கள். 23, 23, 22, 25, 26, 21.]

வணக்கம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தோட மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுற கல்லூரியில பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்திருக்கீங்கன்னா, மூணு வருஷத்துல 140 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தையும் பாஸ் பண்ணினா கிடைக்கிற புள்ளி) சேர்க்கணும். செமஸ்டர்வாரியா எவ்வளவுன்னு திரையில இருக்கு. உங்க கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா இருந்தா இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம். அதனால, சேர்ந்த வருஷத்துக்கான ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிகள்) புத்தகத்தோட பி.டி.எஃப்-ஐ முதல் வாரமே இறக்கி வச்சுக்கங்க. சீனியரோட புத்தகம் வேண்டாம். ரெகுலேஷன் மாறின வருஷத்துல அதை நம்பினவங்கதான் கடைசியில ஒரு பேப்பர் குறையுதுன்னு அலைவாங்க.

இந்த 140-ல தமிழுக்கு 12, ஆங்கிலத்துக்கு 12, முதன்மைப் பாடமும் விருப்பப் பாடமும் சேர்ந்த பகுதி மூன்றுக்கு 92. பகுதி நான்குக்கு 23, பகுதி ஐந்துக்கு 1. யாரும் 92-ஐ மறக்கிறதில்ல. மறக்கிறது அந்த 23-ஐயும் 1-ஐயும்தான். திறன் மேம்பாட்டுப் பாடங்கள், வேற துறையில எடுக்கிற விருப்பப் பாடம், மதிப்புக் கல்வி, கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் எல்லாம் பகுதி நான்குல வரும். எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான சுற்றுச்சூழல் கல்வி பேப்பரும் அங்கேதான். "நம்ம மேஜரே இதுதானே, நமக்கு எதுக்கு?"ன்னு அந்த ரெண்டு கிரெடிட்டை விட்டுடாதீங்க. விலக்கு உண்டுன்னு ரெகுலேஷன்ல எழுத்துல இருந்தா மட்டும் விடலாம்.

பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி விரிவாக்கப் பணி. என்.எஸ்.எஸ்-ல வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240, கூட ஏழு நாள் சிறப்பு முகாம். மூணாவது வருஷம் இதை ஆரம்பிச்சா கணக்கு உதைக்கும்.

[திரை: நாட்காட்டி. 90 வேலை நாட்கள்.]

அடுத்து வருகைப்பதிவு. ஒரு செமஸ்டர்ல 90 வேலை நாள்னா, 75 சதவீதம்ங்கிறது 68 நாள். மிச்சம் 22 நாள்தான். பல பல்கலைக்கழகங்கள்ல 65 சதவீதத்துக்கு மேல இருந்தா அபராதம் கட்டி, மருத்துவச் சான்று கொடுத்துத் தேர்வு எழுதலாம். அதுக்கும் கீழே போனா அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. நம்ம துறையில களப்பயணம் அதிகம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடியே ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையா வெளிய போறதுக்கான) கடிதம் வாங்கி, மத்தப் பாட ஆசிரியர்கள்கிட்டயும் காட்டிடுங்க. திரும்பி வந்த பிறகு கேட்டா ஆப்சென்ட்டை மாத்த மாட்டாங்க. அதுல கோபப்படவும் நியாயமில்ல.

இப்போ விருப்பப் பாடத் தேர்வு. வேதியியலைத் தவிர்க்காதீங்க, முடிஞ்சா புள்ளியியலும் எடுங்க. பிளஸ் டூ-ல பயாலஜி குரூப் படிச்சு கணிதத்துக்குப் பயந்து வந்தவங்க இங்க நிறைய. ஆனா எம்.டெக். மாதிரி மேல்படிப்புக்கான தேசியத் தேர்வான கேட்ல 2021 முதல் இருக்கிற சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தாள்ல முதல் பகுதியே கணிதம்தான். காற்று மாசு பரவலைக் கணக்கிடுற மாடலுக்கும் கணிதம் வேணும். கேட் எழுதுற எண்ணம் இருந்தா, ரெண்டாம் வருஷமே வகைநுண்கணிதத்தைத் திரும்பத் தொடுங்க.

கல்லூரியில இல்லாத பாடத்தை ஸ்வயம், என்.பி.டி.இ.எல்.ங்கிற மத்திய அரசு ஆன்லைன் கல்வித் தளங்கள் வழியா எடுக்கலாம். 12 வார கோர்ஸுக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு 75. ரெண்டுலயும் தனித்தனியா பாஸ் ஆகணும்: 25-க்கு 10, 75-க்கு 30. வழக்கமா நடக்கிற தப்பு என்னன்னா, கோர்ஸை முடிச்சு சான்றிதழையும் கையில வச்சுக்கிட்டு, அப்புறம் போய் கிரெடிட் கேக்கிறது. எந்தக் கோர்ஸ் எந்தப் பேப்பருக்கு ஈடுன்னு துறைத்தலைவர்கிட்ட பதிவுக்கு முன்னாடியே எழுத்துல ஒப்புதல் வாங்கணும். இல்லன்னா சான்றிதழ் சுவருக்குத்தான்.

[திரை: மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் பக்கத்துப் பக்கத்துல.]

கிரெடிட் எல்லாம் சேர்ற இடம் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். அதுக்கு 12 இலக்க அபார் எண் (மாணவர் அடையாள எண்) வேணும். நம்ம ஊர்ல இதுல மாட்டுற இடம் இனிஷியல். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்ல 'கார்த்திக் ஆர்'னு இருக்கும், ஆதார்ல 'கார்த்திக் ராஜேந்திரன்'னு இருக்கும். பெயர் ஒத்துப்போகாம கிரெடிட் ஏறாது. முதல் செமஸ்டர்லயே சரிபார்த்துடுங்க. கடைசி செமஸ்டர்ல ஆதார் மையத்துக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் நடக்க நேரம் இருக்காது.

[திரை: ஏரி. பாட்டில்கள். நாட்காட்டியில் செப்டம்பர், ஜனவரி வட்டமிடப்பட்டிருக்கிறது.]

இனி புராஜெக்ட். இதைக் கொஞ்சம் விரிவாப் பார்ப்போம், ஏன்னா திட்டமிடாதவங்க வசமா மாட்டுறது இங்கதான்.

புராஜெக்ட் ஆறாவது செமஸ்டர்ல, அதாவது டிசம்பருக்கு மேல. ஆனா ஏரி நீரோ நிலத்தடி நீரோ எடுத்தா, மழைக்கு முன், மழைக்குப் பின் ஒப்பீடு இல்லாம அறிக்கை நிக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிசம்பர்ல ஆரம்பிச்சா முதல் பாதி ஏற்கெனவே போயிருக்கும். அதனால தலைப்பை ஜூலையில முடிவு பண்ணி, செப்டம்பர்ல முதல் சுற்று மாதிரி எடுத்து, ஜனவரியில ரெண்டாவது சுற்று எடுங்க.

எத்தனை மாதிரி? 10 இடம், ரெண்டு பருவம், இடத்துக்கு மூணு மாதிரின்னா 60 பாட்டில். ஒவ்வொண்ணுலயும் எட்டு சோதனைன்னா 480. ஒரு ஆளால முடியாது. அஞ்சு இடம், அஞ்சு சோதனைன்னு குறைச்சா 150. இதுவே போதும். மூணு மாதிரியை ஒண்ணாக் குறைக்கிறதைவிட இடத்தைக் குறைக்கிறது நல்லது. ஒரே ஒரு மாதிரி எடுத்தா, வித்தியாசம் ஏரியோடதா, உங்க பியூரெட்டோடதான்னு சொல்ல முடியாது.

கரைந்த ஆக்சிஜனை லேபுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்னு நினைக்காதீங்க. 300 மி.லி. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியா எடுத்துக்கிற ஆக்சிஜன் அளவு) பாட்டிலைக் குமிழி இல்லாம நிரப்பி, ஏரிக்கரையிலேயே 2 மி.லி. மாங்கனஸ் சல்பேட், 2 மி.லி. ஆல்கலி அயோடைடு அசைடு சேருங்க. பிப்பெட் நுனி தண்ணிக்குள்ள இருக்கணும். மூடிக் குலுக்கினா பழுப்பு வண்டல் வரும். வெள்ளையாவே நின்னா அந்தத் தண்ணியில ஆக்சிஜன் இல்ல. இப்படி ஆக்சிஜனைக் கரையிலேயே பிடிச்சு வைக்காமக் கொண்டுவந்தா, வழியெல்லாம் பாசி ஆக்சிஜனை விட்டுக்கிட்டும், பாக்டீரியா அதைத் தின்னுக்கிட்டும் இருக்கும். லேப்ல வர்ற எண்ணுக்கும் ஏரிக்கும் சம்பந்தம் இருக்காது.

பி.ஓ.டி-க்கு நம்ம நாட்டு நடைமுறை 27 டிகிரி செல்சியஸ், மூணு நாள். வியாழக்கிழமை வச்சா ஞாயித்துக்கிழமை எடுக்கணும், லேப் பூட்டியிருக்கும். திங்கள் அல்லது செவ்வாய்ல மாதிரி எடுங்க. கழிவுநீர் கலக்கிற இடம்னா நீர்த்து வைக்கணும். மூணாவது நாள் லிட்டருக்கு குறைஞ்சது 1 மில்லிகிராம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கணும், 2 மில்லிகிராமாவது குறைஞ்சிருக்கணும். மிச்சமே இல்லன்னா அந்த எண் செல்லாது.

[திரை: 12 × 4.43 = 53.]

வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கேள்வி வர்ற இன்னொரு இடம் நைட்ரேட். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்துல வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அது நைட்ரேட்டாக் கணக்கிட்டது. சில லேப் அறிக்கைகள் நைட்ரஜனாக் கணக்கிட்டுக் கொடுக்கும். அறிக்கையில 12-ன்னு பார்த்துட்டு "45-க்குள்ளதான் இருக்கு"ன்னு எழுதுவாங்க. 4.43-ஆல பெருக்கினா 53. வரம்பைத் தாண்டின கிணத்தை நல்ல கிணறுன்னு எழுதிட்டீங்க. அலகைப் பார்க்காம அட்டவணையை நிரப்பாதீங்க.

வேடந்தாங்கல் மாதிரி சரணாலயத்துல ஆய்வு பண்ண ஆசையா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோட அனுமதி வேணும். கடிதம் துறை வழியாப் போகணும், பதில் வர மாதக்கணக்குல ஆகலாம். இளங்கலைக்கு ஊர் ஏரியே மேல்.

கடைசியா, அடுத்த படிப்பு. எம்.எஸ்சி. விண்ணப்பம் பெரும்பாலும் ஆறாவது செமஸ்டர் முடிவுக்கு முன்னாடியே போடணும். புதுச்சேரி, ஜே.என்.யூ. மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பி.ஜி.ங்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். பல இடங்கள்ல பகுதி மூன்றோட சதவீதத்தைத்தான் பார்ப்பாங்க. ஆனா பகுதி நான்குல ஒரு ரெண்டு கிரெடிட் அரியர் நின்னாலும் புரொவிஷனல் சான்றிதழ் வராது, சேர்க்கை நிக்கும். நாலாவது செமஸ்டருக்கு மேல அரியர் எதையும் இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தகுதித் தேர்வு எழுத முதுகலையில 55 சதவீதம் வேணும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. 2024 முதல் நாலு வருஷ இளங்கலையில 75 சதவீதம் எடுத்தவங்களும் நேரா எழுதலாம். மூணு வருஷ பட்டத்துக்கு அந்த வழி கிடையாது. நெட் பட்டியல்ல சுற்றுச்சூழல் அறிவியலோட பாட எண் 89.