‘சாதாரணப் படமா அனுப்புங்கோ’: கைத்தொலைபேசிப் படக் கோப்புகள் பற்றி ஓர் உரை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து கொடுப்பது என் தொழில். திருமண அழைப்பிதழ், கோவில் விஞ்ஞாபனம், 31ஆம் நாள் நினைவு மலர் என எதைச் செய்தாலும், அதற்குரிய படங்கள் இன்று பெரும்பாலும் கைத்தொலைபேசியிலிருந்தே வந்து சேர்கின்றன. சில மாதங்களுக்கு முன், வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் ஓர் அச்சகத்துக்கு, காலமான தம் தந்தையாரின் நினைவு மலரை அச்சிடுவதற்காக ஓர் அம்மையார் வந்தார். முகப்புக்குரிய படத்தை ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய மகள், தாம் ஐபோனில் எடுத்த குடும்பப் படமொன்றிலிருந்து தெரிவு செய்து, இணையச் சேமிப்பகம் ஒன்றின் இணைப்பாக அனுப்பியிருந்தார். அச்சகத்துக் கணினியோ விண்டோஸ் 7 இல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழையது. படம் இறங்கியது, ஆனால் திறக்கவில்லை.

கணினியில் இருந்த தம்பி கோப்பின் பெயரின் கடைசியில் இருந்த எச்.ஈ.ஐ.சி. என்ற நான்கு எழுத்துகளை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று தட்டெழுதினார். கோப்பின் சின்னம் மாறியது. படம் அப்போதும் திறக்கவில்லை. பருப்புப் போத்தலில் சீனி என்று எழுதி ஒட்டினால் தேநீர் இனிக்கப் போவதில்லை அல்லவா. பிறகு அவர் அம்மையாரிடம், “அக்கா, இது திறபடுதில்லை. சாதாரணப் படமா அனுப்பச் சொல்லுங்கோ” என்றார். மகள் உடனே செய்திச் செயலி ஒன்றின் வழியாக அதே படத்தை அனுப்பினார். அது திறந்தது, எல்லோருக்கும் நிம்மதி. மாதிரிப் பிரதி அச்சாகி வந்தபோதுதான், ஐயாவின் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு கன்னத்தோடு கரைந்து கிடப்பதைக் கண்டோம்.

அந்தத் தம்பி கேட்ட ‘சாதாரணப் படம்’ என்பது எது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர் மனத்தில் இருந்தது ஜேபெக், அதாவது ஜே.பி.ஜி. என்று முடியும் கோப்புகளின் முறை. 1992இல் தரநிலையாக வெளிவந்த இந்த முறை, அதை உருவாக்கிய நிபுணர் குழுவின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அகலவாக்கில் 4032 புள்ளிகளும் உயரவாக்கில் 3024 புள்ளிகளும் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளை அப்படியே எழுதி வைத்தால், ஒரு படமே 36 மெகாபைட்டைத் தாண்டிவிடும். ஜேபெக் அதைச் சில மெகாபைட்டுகளுக்குள் அடக்குகிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி வைத்த கோலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாற்றங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் குறித்துக்கொள்வதே அதன் உத்தி. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்கிறது என்பதால், நிறத் தகவலில் அது இன்னும் தாராளமாகக் கை வைக்கிறது. விட்டது விட்டதுதான், திரும்பி வராது. ஒரே ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிர்கிறது.

ஐபோனில் வரும் எச்.ஈ.ஐ.சி., ஹீஃப் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஹீஃப் 2015இல் வரையறுக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2017இல், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 11ஆம் பதிப்புடன் அதைத் தன் கமராக்களுக்கு ஏற்றுக்கொண்டது. ஹீஃப் என்பது உண்மையில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் படம், எச்.ஈ.வி.சி. என்ற காணொளிச் சுருக்க முறையால் சுருக்கப்பட்டு இருக்கிறது. அந்த முறை ஜேபெக்கைப் போல எல்லா இடத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் போடுவதில்லை. காலிமுகத்திடலில் மாலை நேரத்தில் எடுத்த படம் என்றால், மேகமற்ற வானத்துக்கு 64க்கு 64 வரையான பெரிய கட்டங்களையும், பட்டத்தின் வாலுக்கும் மனித முகங்களுக்கும் சிறிய கட்டங்களையும் அது தெரிவு செய்கிறது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து இந்தக் கட்டம் எப்படி இருக்கும் என ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எழுதி வைக்கிறது. அதனால்தான் ஏறக்குறைய அதே தரத்திலுள்ள படம் ஜேபெக்கின் பாதியளவு இடத்தில் அடங்கிவிடுகிறது. தொலைபேசி நிரம்பிவிட்டது என்று அடிக்கடி அலுத்துக்கொள்பவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

இவ்வளவு நல்ல முறை எல்லா இடத்திலும் ஏன் திறப்பதில்லை? பழைய கணினிகள் ஒரு காரணம். பெரிய காரணம் காப்புரிமை. எச்.ஈ.வி.சி. தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அதைப் பயன்படுத்தும் மென்பொருள் தயாரிப்பாளர் அவர்களுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிவரும். விண்டோஸ் 10இல் 2018இன் பிற்பகுதிக்குப் பிந்திய பதிப்புகளில், மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹீஃப் நீட்சியை, அதாவது அதைத் திறக்க உதவும் துணை மென்பொருளை, இலவசமாகப் பெறலாம். ஆனால் உள்ளே இருக்கும் எச்.ஈ.வி.சி.க்கான நீட்சிக்கு 99 அமெரிக்கச் சதம் விலை வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும் சாவி இலவசம், உள்ளே இருப்பதைப் பார்க்கக் காசு என்ற இந்த ஏற்பாட்டை என்னால் இன்றுவரை முகம் சுளிக்காமல் விளக்க முடிந்ததில்லை. அன்ட்ரொய்ட் 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து இவ்வகைப் படங்களைத் திறக்கிறது. இணைய உலாவிகளில் சஃபாரி 2023இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து காட்டுகிறது. குரோம் தானாகக் காட்டுவதில்லை. இந்தக் கட்டணச் சிக்கலுக்கு வெளியே நிற்பதற்கென்றே 2019இல் ஏவிஃப் என்ற இன்னொரு முறை வரையறுக்கப்பட்டது. கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பியும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கும் படங்களில் இவ்விரண்டையும் நீங்கள் சந்திப்பீர்கள்.

இந்த இணக்கமின்மை அச்சகத்து மேசையோடு முடிந்துவிடுவதில்லை. 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தின்போது, அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் தேர்வுகள் இணையவழி நடந்தன. விடைத்தாளைப் படம் பிடித்துப் பதிவேற்றிய மாணவர்கள் சிலரின் ஐபோன் படங்கள் எச்.ஈ.ஐ.சி. ஆக இருந்ததால் தளம் அவற்றை ஏற்கவில்லை. அவர்கள் மறுதேர்வு எழுத வேண்டியதாயிற்று. இணைய விண்ணப்பம் எதையாவது நிரப்பும் நேயர்கள், ‘ஜேபெக் அல்லது பி.என்.ஜி. மட்டும்’ என்ற சிறிய எழுத்து வரியை முதலில் தேடிப் பார்ப்பது நல்லது. பி.என்.ஜி. எதையும் உதிர்க்காமல் சேமிக்கும் முறை; திரைப்பிடிப்புக்கும் எழுத்துள்ள படத்துக்கும் பொருந்தும், முகப் படத்துக்கு வீண் பாரம்.

இனி அந்த மங்கிய மூக்குக்கண்ணாடிக்கு வருவோம். வட்ஸ்அப் போன்ற செயலிகளில் படத்தைப் படமாகவே அனுப்பும்போது அவை அதை ஜேபெக்காக மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை, அளவையும் குறைக்கின்றன. வழக்கமான தரத்தில் நீளமான பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. நம் படத்தில் ஐயா குடும்பத்தின் நடுவே அமர்ந்திருந்தார். படத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு அவருடையது. 1600இல் மூன்றிலொன்று என்றால் ஏறக்குறைய 530 புள்ளிகள். அதை மலரின் முகப்பில் ஐந்து அங்குல அகலத்தில் போட்டால், அங்குலத்துக்கு 106 புள்ளிகளே கிடைக்கும். நல்ல அச்சுக்கு நாங்கள் எதிர்பார்ப்பது 300. மூலப்படத்தின் 4032இல் மூன்றிலொன்று 1344. அதே ஐந்து அங்குலத்தில் அங்குலத்துக்கு 269 வரும், கண்ணுக்குக் குறை தெரியாது. வட்ஸ்அப்பில் 2023இல் வந்த எச்.டி. என்ற உயர்தரத் தெரிவு இந்த இழப்பைக் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை.

ஆகவே மகளிடம் நாங்கள் இரண்டு காரியங்களைக் கேட்டோம். ஒன்று, தொலைபேசியிலேயே படத்தை ஜேபெக்காக மாற்றுவது. ஐபோனில் ஃபைல்ஸ் செயலிக்குள் படத்தைச் சேமித்து, அதை விரலால் அழுத்திப் பிடித்தால், ஐஓஎஸ் 16 முதல் வரும் குவிக் அக்‌ஷன்ஸ் பட்டியலில் கன்வேர்ட் இமேஜ் என்ற தெரிவு இருக்கும். அதில் ஜேபெக்கையும் மூல அளவையும் தெரிவு செய்தால் போதும். மற்றது, அதைப் படமாக அனுப்பாமல் டொகியூமென்டாக, அதாவது ஆவணமாக இணைத்து அனுப்புவது. அப்போது செயலி படத்தைத் தொடுவதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆவணமாகப் போகும் படத்தோடு எடுத்த நேரமும், கமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடமும் சேர்ந்தே போகும். வீட்டில் எடுத்த படத்தை அறிமுகமில்லாதவருக்கு இப்படி அனுப்புமுன் ஒரு கணம் யோசியுங்கள்.

எப்போதும் ஜேபெக்கிலேயே எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். முடியும். செட்டிங்ஸில் கமரா, அதற்குள் ஃபோர்மட்ஸ் என்ற இடத்தில், ஹை எஃபிஷியன்சிக்குப் பதிலாக மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தொட்டால், அதன் பிறகு எடுப்பவை ஜேபெக்காக அமையும். முன்பு எடுத்தவை மாறா. வாரம் பத்துப் படம் அலுவலகத்துக்கு அனுப்புபவருக்கு அது வசதி. மற்றவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு: தொலைபேசியில் மூலப்படம் எச்.ஈ.ஐ.சி. ஆகவே இருக்கட்டும், கொடுக்கும்போது கேட்பவருக்கு ஏற்ற பிரதியைக் கொடுங்கள். மூலம் கையில் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம்.

ரொறன்ரோவிலிருந்து ஆவணமாக வந்த அந்த ஜேபெக் பழைய கணினியிலும் முதல் தட்டலில் திறந்தது. தம்பி பெரிதாக்கிப் பார்த்தபோது, ஐயாவின் மூக்குக்கண்ணாடிச் சில்லில் படமெடுத்த பேத்தியின் நிழலுருவம், கையில் தொலைபேசியோடு, சிறிதாகத் தெரிந்தது. அம்மையார் அதை அழிக்க வேண்டாம் என்றார். அப்படியே அச்சிட்டோம்.

நன்றி, வணக்கம்.