விமானம் விழுந்த மறுநாள்

சேலம் நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மேலேறிய சில நொடிகளில் விழுந்தது. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 உயிர்கள். அன்று சாயங்காலமே ஐந்து ரோடு டீக்கடையில் காரணம் முடிவாகிவிட்டது. ஒருவர் பறவை என்றார், ஒருவர் சதி என்றார், மற்ற எல்லோரும் பைலட் என்றார்கள். ஒரு மாதம் கழித்து முதற்கட்ட அறிக்கை வந்தது. இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்தத்துக்குப் போயிருந்தன. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்கிறார், நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். கேட்டது யார், மறுத்தது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் செல்போனில் தீர்ப்பே வந்துவிட்டது. இறந்துபோனவர் எழுந்துவந்து பதில் சொல்ல முடியுமா?

நான் உருக்காலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். உடைந்த இரும்பை நிதானமாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த இடம் அது. அதனால் காமெட் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காமெட், பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் விமானம். 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே ஒன்று வானத்திலேயே சிதறியது. 35 பேர் போய்விட்டார்கள். பறப்பதை நிறுத்திவைத்தார்கள். தீப்பிடித்திருக்கலாம் என்று நினைத்து, அதற்கான மாற்றங்களைச் செய்து, மார்ச் மாதமே மறுபடி பறக்கவிட்டார்கள். உண்மைக் காரணம் அப்போது தெரியாது. கவனியுங்கள், காரணம் தெரியாமலே பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் கடலில் விழுந்தது. மேலும் 21 பேர்.

அதற்குப் பிறகுதான் நிதானம் வந்தது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற இடத்தில் பெரிய தொட்டி கட்டி, ஒரு முழு விமானத்தின் உடலை அதில் இறக்கினார்கள். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். உள்ளே அழுத்தம் ஏற்றுவது, இறக்குவது. ஒரு தடவை ஏற்றி இறக்கினால் ஒரு பயணம் என்று கணக்கு. காற்றை அடைத்திருந்தால் உடையும்போது குண்டுபோல வெடித்து, எங்கே தொடங்கியது என்பதே தெரியாமல் போயிருக்கும். இரவு பகலாக நடந்தது. அது முன்பு பறந்ததையும் சேர்த்து, சுமார் 3,000 பயணத்தில் ஜன்னல் மூலையில் விரிசல் கண்டு உடல் கிழிந்தது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதே சங்கதிதான். இத்தாலிய மீனவர்களின் வலையில் வந்த துண்டுகளும், கடலடியில் எடுத்த பாகங்களும் இதையே சொல்லின. அதிலிருந்து புது ரக விமானத்தின் முழு உடலையும் இப்படிச் சோதிப்பது வழக்கமாயிற்று. முதல் விபத்திலேயே இந்தப் பொறுமை இருந்திருந்தால் அந்த 21 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மேல் பழி என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. போலீஸும் கோர்ட்டும் தனி. தண்டனை வரும் என்று பயந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்? ஏற்காடு மலைச்சாலையில் பஸ் கவிழ்ந்தால் டிரைவர் தூங்கிவிட்டார் என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோகிறோம். பிரேக் எப்படி இருந்தது, அவரை எத்தனை மணி நேரம் ஓட்ட வைத்தார்கள் என்று கேட்பதில்லை. இதைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி ஊரில் நடந்த விபத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான கசகஸ்தான் நாட்டு விமானம் தனக்குக் கொடுத்த உயரத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது. விசாரணை அதோடு நிற்கவில்லை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழியாக இருந்ததையும் பார்த்தது. வழிகளைப் பிரித்தார்கள். மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை இந்தியாவில் கட்டாயமாக்கினார்கள். நம் கமலாபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகள் விமானத்திலும் அந்தக் கருவி இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.