பைண்ட் மவுண்ட்ல ரீட்-ஒன்லி: ஒரு ‘பைண்ட்’ விட்டுப்போனா என்ன ஆகும்?

வணக்கம் மக்களே! லினக்ஸ்ல ஒரு ஃபைல்சிஸ்டத்தை (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற அமைப்பு) ஃபோல்டர் ஒண்ணுல இணைக்கிற மவுண்ட் கமாண்டோட மேன் பேஜ், அதாவது உதவிக் குறிப்பு இருக்கில்ல, அதுல பைண்ட் மவுண்ட் பகுதியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். எழுதியிருக்கிறது எல்லாம் சரிதான். ஆனா முக்கியமான விஷயத்தைப் போற போக்குல சொல்லிட்டுப் போயிடும்.

பைண்ட் பண்றதுன்னா, இருக்கிற ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்துலயும் தெரிய வைக்கிறது. காப்பி கிடையாது. வீடு ஒண்ணு, வாசல் ரெண்டு.

இப்போ ரெண்டாவது வாசல் வழியா வர்றவங்க படிக்க மட்டும் செய்யணும், எழுதக் கூடாதுன்னு வைங்க. எங்க பூட்டு போடுவீங்க? ரீட்-ஒன்லிக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு அந்த மவுண்ட் பாயின்ட், அதாவது அந்த வாசல். இன்னொண்ணு அடியில இருக்கிற ஃபைல்சிஸ்டமே, அதாவது மொத்த வீடும் (இதை சூப்பர்பிளாக்னு சொல்வாங்க). இப்படித் தனித்தனியா வைக்கிற வசதி 2008-ல, லினக்ஸோட மையமான கெர்னலோட 2.6.26 வெர்ஷன்லதான் வந்துச்சு.

ரீமவுண்ட் (இருக்கிற மவுண்ட்டோட அமைப்பை மாத்துறது), பைண்ட், ஆர்ஓ (ரீட்-ஒன்லி) மூணு ஆப்ஷனும் சேர்த்துக் கொடுத்தா அந்த வாசல் மட்டும் பூட்டும். நடுவுல இருக்கிற ‘பைண்ட்’டை விட்டுட்டா கெர்னல் மொத்த ஃபைல்சிஸ்டத்தையே ரீட்-ஒன்லியா மாத்தப் பார்க்கும். யாராவது ஒரு ஃபைலை எழுதத் திறந்து வச்சிருந்தா ‘பிஸி’ன்னு எரர் வரும். அது உங்க அதிர்ஷ்டம்! எரர் வராம நடந்துட்டாத்தான் மத்த சர்வீஸ் எல்லாம் எழுத முடியாம நிக்கும்.

“நான் பைண்ட், ஆர்ஓ ரெண்டையும் ஒரே வரியில போடுறேனே, வேலை செய்யுதே”ன்னு கேப்பீங்க. மவுண்ட் கமாண்ட் வர்ற யூட்டில்-லினக்ஸ் தொகுப்போட 2.27 வெர்ஷன்ல இருந்து அது சரிதான். ஆனா மேன் பேஜ் சொல்றபடி, கமாண்ட் உள்ளுக்குள்ள ரெண்டு தடவை கெர்னலைக் கூப்பிடுது: முதல்ல பைண்ட், அப்புறம் ரீமவுண்ட். நடுவுல ஒரு சின்ன இடைவெளி, அதுல எழுத முடியும். வீட்டு மெஷின்ல இதெல்லாம் பெருசு இல்ல. வெளியாள் கோட் ஓடுற சர்வர்னா யோசிங்க.

இன்னொண்ணு, ஆர்பைண்ட் போட்டா உள்ள இருக்கிற மவுண்ட்டுகளும் கூடவே வரும், ஆனா ஆர்ஓ மேல் மவுண்ட்டுக்கு மட்டும்தான். உள்ள இருக்கிறதுல தாராளமா எழுதலாம். இதுக்குத்தான் யூட்டில்-லினக்ஸ் 2.39-ல, உள்ள இருக்கிறதையும் சேர்த்துப் பூட்டுற ‘ஆர்ஓ ஈக்வல்ஸ் ரிகர்சிவ்’னு ஒரு ஆப்ஷன் கொண்டு வந்தாங்க, கெர்னல் 5.12-ஆவது வேணும்.

எது எங்க பூட்டியிருக்குன்னு பார்க்க, வெறும் மவுண்ட் கமாண்டை நம்பாதீங்க, ரெண்டையும் கலந்துதான் காட்டும். மவுண்ட்டுகளைப் பட்டியல் போடுற ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கமாண்ட்ல விஎஃப்எஸ்-ஆப்ஷன்ஸ் (வாசலோட பூட்டு), எஃப்எஸ்-ஆப்ஷன்ஸ் (ஃபைல்சிஸ்டத்தோட பூட்டு)னு ரெண்டு நெடுவரிசை கேளுங்க. முதல் நெடுவரிசையில ஆர்ஓ, ரெண்டாவதுல ஆர்டபிள்யூ (படிக்கவும் எழுதவும் முடியும்)ன்னு வந்தா, நீங்க நினைச்சதுதான் நடந்திருக்கு.