எத்தனைக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா நாட்களில் பொழுது சாய்ந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாவட்டம் மாவட்டமாக எண்கள் ஓடும். சேலத்துக்கு நேற்று 400, இன்று 300 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்வதுதான். 'அப்பாடா, குறைஞ்சுபோச்சு' என்போம். குறைந்ததா? நேற்று 4,000 பேருக்குச் சளி எடுத்துப் பார்த்ததில் 400. இன்று 2,000 பேருக்குத்தான் பார்த்தார்கள், அதில் 300. நூற்றுக்குப் பத்தாக இருந்தது பதினைந்தாகிவிட்டது. குறைந்தது நோய் இல்லை, தேடல். ஞாயிற்றுக்கிழமைகளில் சளி எடுப்பது குறையும். அந்தக் குறைவு ஓரிரு நாள் கழித்துப் பட்டியலில் தலைகாட்டும். அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியவர்கள் உண்டு.

அதனால் சந்தையில் கேட்கிற மாதிரி கேளுங்கள்: எத்தனைக்கு எத்தனை?

இதே கேள்வியைத் தடுப்பூசிச் செய்தியிடமும் கேட்க வேண்டும். 2020 நவம்பரில் ஃபைசர் தடுப்பூசிக்கு 95 சதவீதப் பலன் என்று செய்தி வந்தது. 'அப்படின்னா நூறு பேர் போட்டுக்கிட்டா அஞ்சு பேருக்கு வந்துடுமா?' என்று கேட்டார்கள். அதற்கு அர்த்தம் அது அல்ல. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 43,000 பேர். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். தனக்கு எது ஏறியது என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. இரண்டாம் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்த பிறகு நோய் வந்தவர்களை எண்ணினார்கள். மொத்தம் 170 பேர். உப்புநீர்ப் பக்கம் 162, தடுப்பூசிப் பக்கம் 8. அங்கே 162 வந்தது, இங்கே எட்டோடு நின்றது. அந்தக் குறைவைத்தான் 95 சதவீதம் என்றார்கள். தடுப்பூசிப் பக்கம் நூற்றுக்கு ஐந்து பேர் விழவில்லை. ஏறத்தாழ 20,000 பேரில் விழுந்தது எட்டுப் பேர்.

அடுத்தது, ஊரையே குழப்பிய செய்தி. 'ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்' என்று போன் போனாகப் பரவியது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், செய்தி உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய்.

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுவிட்டு எதைச் சொல்வது? ஒரு மண்டிக்கு 1,000 பழம் வருகிறது. 900 பழத்தை வைக்கோல் போட்டுப் பதமாக அடுக்கியிருக்கிறார்கள். 100 பழத்தைச் சும்மா கொட்டி வைத்திருக்கிறார்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வைக்கோல் போட்டதில் 9 அழுகல், போடாததில் 5 அழுகல். பதினாலையும் வாசலில் எறிந்துவிட்டார்கள். வழியில் போகிறவர் அந்தக் குப்பையைக் கிளறிப் பார்த்து, 'பதினாலில் ஒன்பது வைக்கோல் போட்ட பழம், வைக்கோலால்தான் அழுகுது' என்றால் மண்டிக்காரர் சிரிப்பாரா மாட்டாரா? அவருக்குத் தெரியும்: 900-க்கு 9 என்றால் நூற்றுக்கு ஒன்று. 100-க்கு 5 என்றால் நூற்றுக்கு ஐந்து. குப்பையைப் பார்த்தவர் உள்ளே இருக்கிற பழத்தை எண்ணவில்லை. ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஆஸ்பத்திரியை மட்டும் எண்ணியதும் இதே கணக்குத்தான். எத்தனைக்கு எத்தனை என்று கேட்கவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, மாம்பழத்தை விட மனசு வரவில்லை. அந்த வைக்கோலை முதலில் எந்தப் பழத்துக்குப் போட்டார்கள்? நன்றாகக் கனிந்த, எளிதில் அழுகக்கூடிய பழத்துக்கு. நம் நாட்டிலும் 2021 மார்ச் 1 முதல் பொதுமக்களில் ஊசி முதலில் 60 வயது கடந்தவர்களுக்கும், 45 கடந்து சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களுக்கும்தான் போடப்பட்டது. இளவட்டங்களுக்குப் பிறகுதான். ஆகவே வயதைப் பிரிக்காமல் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டால், கனிந்த பழத்தையும் காயையும் ஒரே தராசில் வைத்த கதைதான்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். ஆவி பிடிப்பது பற்றியும் பேச நினைத்தேன்; ஒரே வரி: ஆவி வைரஸைக் கொல்லாது, கொதிநீர் கவிழ்ந்தால் புண்ணாகும்.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் இல்லாத விரலாக இருக்கட்டும். கையை மேசைமேல் ஆடாமல் வைத்து, எண் நிலைக்கிற வரை ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் தோன்றும் எண்ணை எழுதாதீர்கள். கருவியில் இரண்டு எண் தெரியும்; ஒன்று ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, மற்றது நாடித்துடிப்பு. நாடி 72-ஐ ஆக்சிஜன் என்று நினைத்துப் பதறியவர்கள் ஏராளம். ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே 98 காட்டுகிற விரல் மேலே ஒன்றிரண்டு குறைத்துக் காட்டலாம். விடியல் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் தப்பாகச் சொல்லும், தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மாட்டுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண்ணைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் நேரத்தில் 94-க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால், மூச்சு வாங்கினால், காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் எண் நன்றாக இருந்தாலும் போங்கள்.

கடைசியாக, கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்காதீர்கள். 98 திரும்பினால் 86 ஆகிவிடும்.

வணக்கம்.