எரிமலைக் குழம்பைக் கடல் தண்ணீர் அடித்து மடக்கிய தீவு! | ஹெய்மே 1973

[திரையில்: இரவு, பனி மூடிய கூரைகள், பின்னால் நெருப்புச் சுவர்]

ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற எரிமலைக் குழம்பு உங்கள் தெருவுக்குள் வருகிறது. என்ன செய்வீர்கள்? ஓடுவீர்கள். நானும் உங்களுக்கு முன்னால் ஓடுவேன். ஆனால் ஐஸ்லாந்தில் ஒரு மீன்பிடித் தீவு இருக்கிறது. அங்கே தீயணைப்புக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குழம்பின் மேல் தண்ணீர் அடித்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில்!

வணக்கம். பேரிடர், கடற்கரை, நீர், ஆற்றல் என்று புவியியலில் நான்கு பாடங்களைத் தனித்தனியாகப் படித்திருப்பீர்கள். நான்குக்கும் சேர்த்து ஒரே ஊரை உதாரணமாக எழுதலாம் என்றால் அது இந்த ஹெய்மேதான். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பேனாவை எடுங்கள், மற்றவர்கள் டீயை எடுங்கள்.

முதலில் சலிப்பான பகுதி, ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பூமியின் மேலோடு தட்டுகளாக உடைந்து கிடக்கிறது; அதில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகிப் போகிற கோட்டின் மேல் ஐஸ்லாந்து உட்கார்ந்திருக்கிறது, அடியில் ஆழத்திலிருந்து சூடு மேலே வருகிற ஒரு வெப்பப் புள்ளியும் இருக்கிறது, அதனால் அங்கே எரிமலைக்குப் பஞ்சமில்லை. முடிந்தது.

[திரையில்: ஐஸ்லாந்தின் தெற்குக் கரை, சின்னப் புள்ளியாக ஹெய்மே]

ஹெய்மே அப்போது 11 சதுர கிலோமீட்டர்தான். 5,300 பேர். பிழைப்பு முழுக்க மீன். 1963-இல் பக்கத்துக் கடலில் எரிமலை வெடித்து சுர்ட்சே என்று ஒரு புதுத் தீவே முளைத்தது. இவர்கள் கரையில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். தங்கள் ஊர் எரிமலை சுமார் 5,000 வருடமாக வாயே திறக்காததால் யாருக்கும் பெரிய கவலை இல்லை.

1973 ஜனவரி 23. விடியற்காலை 2 மணி ஆகப்போகிறது. ஊரின் கிழக்கு ஓரத்தில், கடைசி வீடுகளுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி, தரை கிழிந்தது. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நெருப்பு ஊற்று. இந்தப் பிளவிலிருந்துதான் பிறகு 200 மீட்டர் உயரத்துக்கு எல்ட்ஃபெல் என்ற மலை எழுந்தது.

இங்கே ஒரு விஷயம். மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பம்புகள்தான் கதாநாயகன். என்னைக் கேட்டால் கதாநாயகன் முந்தின நாள் அடித்த புயல். அந்தப் புயலால் மீன்பிடிக் கப்பல்கள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. இரவில் காற்றும் அடங்கிவிட்டது. தரை கிழிந்து அரை மணி நேரத்தில் முதல் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. பொழுது விடிவதற்குள் ஏறக்குறைய ஊர் மொத்தமும் தீவை விட்டு வெளியேறிவிட்டது. கப்பல்கள் அன்றைக்குக் கடலில் இருந்திருந்தால் நான் இந்த வீடியோவை வேறு குரலில் பேசிக்கொண்டிருப்பேன். இத்தனை பெரிய வெடிப்பில் இறந்தது ஒரே ஒருவர். அதுவும் நெருப்பால் இல்லை, கட்டடத்துக்குள் தேங்கிய விஷ வாயுவால்.

தீவில் சில நூறு பேர் மட்டும் தங்கினார்கள். கூரையில் குவிந்த சாம்பலை அள்ளித் தள்ளினார்கள், எரிமலைப் பக்கம் பார்த்த ஜன்னல்களில் தகரம் வைத்து ஆணி அடித்தார்கள். எரிமலையிலிருந்து பறந்து வரும் நெருப்புக் கல் உள்ளே விழுந்தால் வீடு பற்றிக்கொள்ளுமே!

[திரையில்: துறைமுக வாயை நெருங்கும் கறுப்புக் குழம்பு]

ஆனால் பெரிய பயம் வீடுகளைப் பற்றியது இல்லை, துறைமுகத்தைப் பற்றியது. குழம்பு வடக்கே நகர்ந்து துறைமுகத்தின் குறுகலான வாயை நெருங்கிக்கொண்டிருந்தது. அது அடைபட்டால் படகு இல்லை, மீன் இல்லை, அப்புறம் அந்த ஊருக்கு அங்கே வேலையே இல்லை.

அப்போதுதான் தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர் கடல் தண்ணீரை அடித்துப் பார்க்கலாம் என்றார். பிப்ரவரி ஆரம்பத்தில் சின்னக் குழாய்களோடு தொடங்கினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். குழம்பு மேல் ஒன்றுக்குப் போகிறார்கள் என்று கேலி வேறு! நியாயமான கேலிதான். முதல் நாட்களில் நொடிக்குச் சுமார் 100 கன மீட்டர் குழம்பு வந்துகொண்டிருந்தது. நீங்கள் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் எதிரில் நிற்கிறீர்கள்.

சரி, இது எப்படி வேலை செய்தது? இந்த வீடியோவை நான் எடுத்ததே இந்த இடத்துக்காகத்தான்.

தண்ணீர் ஊற்றினால் குழம்பு அணைந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. விஷயம் ஆவியில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம், கொதித்த அந்தத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்த வெப்பம் முழுவதையும் குழம்புதான் கொடுத்தாக வேண்டும். கொடுத்த இடத்தில் குழம்பு இறுகுகிறது. இறுகிய முன்பகுதி அங்கேயே நின்று கனத்துப் போகிறது, பின்னால் வருவது அதில் மோதி உயர்கிறது, பக்கவாட்டில் திரும்புகிறது. வயலில் மண்ணை அணைத்து வரப்புப் போட்டுத் தண்ணீரைத் திருப்புகிறோமே, அதே வேலைதான். வரப்புக்கு மண் குழம்பிலிருந்தே வந்தது!

ஆனால் ஓரத்தை மட்டும் நனைத்தால் போதாது. குழம்பின் முதுகில் ஏறி உள்பக்கமும் நனைக்க வேண்டும். அதனால் புல்டோசரை நகர்ந்துகொண்டிருக்கும் குழம்பின் மேலேயே ஓட்டிப் பாதை போட்டார்கள். மேல் ஓடு இறுகியிருக்கும், அடியில் செக்கச் செவேலென்று இருக்கும், சுற்றிலும் கண் தெரியாத ஆவி. அந்தக் குழுவுக்குத் தற்கொலைப் படை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாதையில் போட்ட குழாய்களில் பல பிளாஸ்டிக். ஆமாம், பிளாஸ்டிக்! உள்ளே குளிர்ந்த கடல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது உருகவில்லை. இதைப் படித்த அன்றைக்கு நான் நாலு பேருக்கு போன் போட்டுச் சொன்னேன். நீங்கள் ஒருவருக்காவது ஷேர் பண்ணுங்கள்.

மார்ச் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. நொடிக்குச் சுமார் 1,000 லிட்டர். ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய இரண்டு வாரம் அடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்கள். மொத்தம் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கடல் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு எங்கே போகும்? லட்சக்கணக்கான டன் உப்பு பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. எரிமலைக் கூம்பின் ஒரு பக்கம், சுமார் 20 லட்சம் டன், அப்படியே பெயர்ந்து குழம்பின் மேல் மிதந்தபடி துறைமுகத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. அதற்கு நாடோடி என்று பெயர் வைத்தார்கள். நல்லவேளை, துறைமுக வாய்க்குச் சுமார் 100 மீட்டர் முன்னால் நின்றுவிட்டது.

ஜூலை 3 அன்று வெடிப்பு ஓய்ந்தது. துறைமுகம் பிழைத்தது. வீடுகளில் ஏறக்குறைய 400 போய்விட்டன. எரிந்ததும் உண்டு, புதைந்ததும் உண்டு. இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த எண்ணைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

[திரையில்: தீவின் பழைய எல்லை, புதிய எல்லை]

இனி வரவுக் கணக்கு. தீவு 2 சதுர கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்தது. துறைமுகத்தை மூட வந்த குழம்பு, வாசலில் அலைத்தடுப்புச் சுவராக நின்றுகொண்டது. துறைமுகம் முன்பைவிடப் பாதுகாப்பு. அள்ளிய சாம்பலைக் கொட்டி விமான ஓடுபாதையை நீட்டினார்கள், புது வீடுகளுக்கு மனை போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது சூட்டைக்கூட விடாததுதான். தடித்த குழம்பு உள்ளே ஆறப் பல வருடம் ஆகும். 1974-இல் ஒரு வீட்டில் சோதித்துப் பார்த்தார்கள். பாறைக்குள் தண்ணீர் விடுவது, வரும் ஆவியின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றுவது, அதை வீடுகளுக்கு அனுப்புவது. சில வருடங்களில் ஏறக்குறைய ஊர் முழுக்க அந்தச் சூட்டில்தான் குளிர்காலத்தைத் தள்ளியது. 1980-களின் கடைசியில் பாறை ஆறிவிட்டது, திட்டமும் முடிந்தது.

அப்படியானால் எல்லா எரிமலைக்கும் பம்ப் வாங்கிவிடலாமா? வேண்டாம். இங்கே குழம்பு மெதுவாக நகர்ந்தது, காலடியில் வற்றாத கடல் இருந்தது. இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் நடுவிலேயே குழம்பின் வரத்து நொடிக்கு 5 கன மீட்டராகக் குறைந்துவிட்டது. அதனால் துறைமுகத்தைக் காப்பாற்றியது பம்பா, எரிமலைக்கு வந்த களைப்பா என்று இன்றைக்கும் கேட்கலாம். என் கணிப்பு: இரண்டும், ஆனால் பம்ப் இல்லாமல் அந்தக் கடைசி 100 மீட்டர் தாங்கியிருக்காது. ஐஸ்லாந்துக்காரர்களும் இந்த வித்தையை மறக்கவில்லை. 2024 ஜூனில் ஸ்வார்ட்ஸ்எங்கி மின்நிலையத்தைக் குழம்பிலிருந்து காக்கப் போட்ட தடுப்பைக் குழம்பு தாண்டியபோது தீயணைப்பு வீரர்கள் மறுபடியும் குழாயை எடுத்தார்கள்.

பம்பா, களைப்பா, இல்லை நான் சொன்ன புயலா? உங்கள் ஓட்டைக் கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோ சுர்ட்சே பற்றி. சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் இப்போதே பண்ணிவிடுங்கள்.